முள்ளிக் கூற்றத்துப் பள்ளிப்பொன் குறித்து அரசி ஆதன்கோதை தம்பிக்கு விடுத்த ஓலை

மாரி பொய்யாதாகுக. நெறி வழாதாகுக.

கொன்றையாறு பாயும் நொச்சி நாட்டை முறைசெய்தாளும் ஆதன்கோதை, வடகரை நாடாள்வானும், எல்லைப் படைக்கு முதல்வனும், எம்முடன் ஒரு வயிற்றிற் பிறந்தோனுமாகிய அழிசிக் கொற்றனுக்கு விடுக்கும் ஓலை. நின் கோட்டை மதில் நிலைபெறுக. நின் வீரர் நோயின்றி வாழ்க. நின் கீழ் வாழும் குடிகள் நின்னை அஞ்சாது உறங்குக.

தம்பி, இதனை மேலே படிக்குமுன், முள்ளிப் பள்ளியின் கதவருகே நிற்கும் வீரரைப் பின்வாங்கப் பணிப்பாயாக. பணித்த பின் படி.

சென்ற கார்காலத்தில் ஆறு கரையை உடைத்து முள்ளிக் கூற்றத்து ஊர்களின் வயல்களை மணல்மேடாக்கியதை நீ அறிவாய். உண்ண வழியற்ற குடிகளிற் சிலர் தென்கரை ஊர்களிலும், சிலர் நின் கோட்டைப் புறஞ்சேரியிலும் குடியேறினர்; சிலர் ஆறு வளையும் மேற்கெல்லையில் அதனைக் கடந்து, நம்மோடு பகைகொண்ட மேற்கரை வேந்தன் நாட்டுக்கே போயினர். ஊர்கள் ஒழிந்தமையால் அக்கூற்றமும் அதன் பள்ளியும் கலைந்தன என்று யாமே ஆணையிட்டோம். ஆனால் பள்ளி நடத்தவென்று குடிகள் அறுவடைதோறும் வீட்டுக்கு வீடு நெல் அளந்து கொடுத்துச் சேர்த்த பள்ளிப்பொன் அங்கேயே எஞ்சி நின்றது. கலைந்த கூற்றத்தின் பொருள் யாருக்கு உரியது என்பதற்கு நம் நாட்டில் விதியில்லை.

விதியில்லாத இடத்தில் நீ கை நீட்டினாய். போர்க்குதிரை வாங்க அப்பொன்னை எடுத்துவர ஆள் விடுத்தாய். சேதி கேட்டு, அப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் திரும்பி வந்து, பள்ளிக்குள் புகுந்து, உட்புறம் தாழிட்டுக்கொண்டனர். நின் படைத்தலைவன் யானையைக் கொண்டு கதவை உடைக்க முற்பட்டபோது, பாகன் ஏறன், தன் மகள் எழுத்துக் கற்ற வாயிலில் தன் யானை நெற்றி வைக்காது என்று கூறிக் கீழே இறங்கி நின்றான். அவனுக்கு விலங்கு பூட்டினாய். இப்போது வேறு பாகனைத் தேடுகிறாய் என்றும் கேள்வியுற்றோம்.

இவற்றை எமக்கு உரைத்தவள் சாத்தி; அப்பள்ளியில் சிறார்க்கு எண்ணும் எழுத்தும் பயிற்றியவள். சூழ்ந்து நின்ற வீரரிடையே புகுந்து, படகேறி, நனைந்த ஆடையோடு நம் அவையில் வந்து நின்றாள்.

உரியோர் இல்லாப் பொருள் அரசுக்கே உரியது என்பது முன்னோர் வழக்கு என்றார் மூத்த அமைச்சர் நக்கனார். அதற்குச் சாத்தி, “ஐயா, உரியோர் அந்தக் கதவுக்குப் பின்னால் பட்டினி கிடக்கிறார்கள். கலைந்தது கூற்றம்தான், பிள்ளைகள் வேறு ஊரில் வேறு பாயில் அமர்ந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்” என்றாள். பகைவன் நாட்டுக்குப் போனவர் பிள்ளைகளுக்கும் பங்கு கேட்கிறாயோ என்று நக்கனார் சினந்தார். அவள், “வெள்ளம் எந்தப் பக்கம் தள்ளியதோ அந்தப் பக்கம் போனார்கள்” என்று மட்டும் சொன்னாள்.

அவையிற் பலர் முகம் கருத்தது. எல்லையில் நீ எத்தகைய பகைக்கு எதிரே நிற்கிறாய் என்பதை அறிந்த எமக்கும் அச்சொல் இனிக்கவில்லை. ஆயினும் அது மெய்யென்று கண்டோம்.

ஆதலால் இன்று முதல் நாடெங்கும் நிற்கும் விதி இது. ஒரு கூற்றம் கலையின், அதன் பள்ளிப்பொன்னில் ஆசிரியர்க்கும் ஏவலர்க்கும் தரவேண்டிய நிலுவை முதற்கண் தீர்க்கப்படுக. எஞ்சியது, அக்கூற்றத்துப் பிள்ளைகள் இப்போது எவ்வெப் பள்ளியில் பயில்கின்றனரோ அவ்வப் பள்ளிக்கு, பிள்ளைகளின் தொகைக்கு ஏற்பச் செல்க. அதிற் கைவைக்கும் உரிமை நாடாள்வானுக்கு இல்லை; எமக்கும் இல்லை. ஆற்றுக்கு அப்பால் போன பிள்ளைகளின் பங்கு அவர்தம் பெற்றோர் கையிலேயே சேர்க. அதனைக் கொண்டுசெல்லத் தக்கவனை நீயே தேர்ந்து விடுப்பாயாக. குதிரை வேண்டும் என்று நீ கேட்டது பொய்யன்று. அதற்கு எம் அரண்மனைக் கருவூலம் இருக்கிறது, ஆள் அனுப்பு.

தம்பி என்று அழைத்துத் தொடங்கினோம். இனி அரசியாகச் சொல்கிறோம். ஓலை கொணரும் தூதன் கீரன் எம் முத்திரையோடு வருகிறான். அவன் கண்முன்னே பாகனை விடுவித்துப் படையைத் திருப்பு. அன்றேல் நாடாள்வான் மோதிரத்தைக் கழற்றி அவன் கையிற் கொடு. மூன்றாவது வழியில்லை. அவன் மீளும் வரை சாத்தி நம் அவையிலேயே இருப்பாள், யாமும் எழோம்.

இவை ஆதன்கோதை எழுத்து. நொச்சிப்பூ முத்திரை இட்டது. இதன்படி நடக்க.

ஓலையின் பின்புறத்தில் நாடாள்வான் எழுதியது:

அக்கையார் திருமுன் கொற்றன் வணங்கி விடுப்பது. படை திரும்பிற்று. கதவு திறந்தது. பாகன் ஏறன் தன் யானையோடு இருக்கிறான். என் முகம் பார்க்க மறுக்கிறான். இவ்விதி சரியென்று நான் இன்னும் ஒப்பவில்லை, ஆயினும் கீழ்ப்படிந்தேன். ஆற்றைக் கடந்து பொன் கொண்டுபோவோனைத் தேர்ந்து விடச் சொன்னீர். மீண்டு வருவான் என்று உறுதி சொல்ல இயலாத இடத்துக்கு என் வீரன் எவனையும் ஏவ மனமில்லை. வாளைக் கோட்டையில் வைத்துவிட்டு நானே போகிறேன், படகு காத்திருக்கிறது. மோதிரத்தைக் கீரனிடம் கொடுத்துள்ளேன், அது பகைவன் கையில் அகப்படலாகாது. வந்து பெற்றுக்கொள்வேன்.