தோளளவில் ஒரு கோடு

திண்டுக்கல்,
12 ஜனவரி 2024

அன்புள்ள தஹ்சீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் நமக்குச் சண்டைதான் மிஞ்சுகிறது, அதனால் எழுதுகிறேன். குளிரில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இன்னும் இரண்டு வருடம் அங்கேயே ஆராய்ச்சி செய்யக் கூப்பிடுகிறார்கள் என்றாய். இருப்பதும் வருவதும் உன் இஷ்டம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஹக்கீம் அண்ணனின் பிரியாணிக் கடைச் சுவர் முழுக்கச் சிறுமலை அடிவாரத்து நேர் ரோட்டை வரைந்து முடித்தேன். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "ஏலே, ரோட்டுல போறவன்லாம் ஏன் இம்புட்டு நெட்டையா நிக்கிறான்?" என்கிறார். எங்கே பிசகினேன் என்று எனக்கும் புரியவில்லை. இந்தக் கடிதத்தோடு சுவரின் போட்டோ வைத்திருக்கிறேன். கணக்குப் படித்தவள், நீ பார்த்துச் சொல்.

அஸ்பாக்


பான், ஜெர்மனி,
27 ஜனவரி 2024

அன்பு மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். சாப்பிடுகிறேன். ரசம்கூட வைக்கிறேன், ரசம் மாதிரிதான் இல்லை. "நான் ஒன்றும் சொல்லவில்லை" என்பதைப் படித்ததும் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. 'வா' என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள்?

போட்டோவைச் சாய்த்து எடுத்திருக்கிறீர்கள். பரவாயில்லை, எப்படிச் சாய்த்தாலும் நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். நான் படிக்கிற பாடமே அதுதான். ரோட்டின் இரண்டு ஓரங்களையும் ஸ்கேல் வைத்து நீட்டினேன். அவை சேரும் புள்ளி வழியே தொடுவானக் கோட்டைப் போட்டேன். சமதரையில் நிற்பவர் பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், பார்ப்பவரின் கண் உயரத்தில்தான் அந்தக் கோடு அவரை வெட்டும். உங்கள் ஆட்கள் எல்லோரையும் அது தோளில் வெட்டுகிறது. நின்று வரைந்த உங்கள் கண் அவ்வளவு கீழே இருக்க முடியாது.

உங்கள் தோளளவில் யாருக்குக் கண் இருக்கிறது, மச்சான்? நம் நிக்காஹ் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். எனக்குத்தான்.

படத்தில் பிழை இல்லை, என் உயரத்திலிருந்து பார்த்தால் ஆட்கள் அப்படித்தான் நெட்டையாகத் தெரிவார்கள். அதை அழிக்க அண்ணனை விடாதீர்கள். பிப்ரவரி முடிவதற்குள் நான் இங்கே பதில் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

தஹ்சீன்


திண்டுக்கல்,
9 பிப்ரவரி 2024

அன்பு தஹ்சீன்,

இன்று ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தபோது உன் கடிதம் கிடந்தது. நேற்றுத்தான் அண்ணன் ஆள் வைத்துச் சுவருக்கு வெள்ளை அடித்தார். கடைக்கு ஓடிப்போய் அந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "என்ன அப்பு, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் அண்ணன். நீ பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரியே வரைந்திருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை.

நம் வீட்டுக் கூடத்தில் அதே ரோட்டை மறுபடி வரையப் போகிறேன். தொடுவானத்துக்காகச் சுவரோடு ஒட்டி நின்று, தோளுக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டேன். உன் கண் உயரம் இதுதானா என்று தெரியவில்லை. நீ போய் மூன்று வருடம் ஆகிறது. அந்தக் கோட்டோடு நிற்கிறது, மேலே வரையக் கை ஓடவில்லை.

போனில் சொல்ல வாய் வரவில்லை, ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். இந்தக் கோட்டை அங்கிருந்து ஸ்கேல் வைத்துப் பார்க்க முடியாது. இங்கே வந்து நின்று பார்த்துச் சொல்.

வா, தஹ்சீன்.

உன்
அஸ்பாக்