ஒரு ஆளுக்கு அரை டம்ளர் அரிசி

முருகன் துணை

திருப்பூர்,
16-11-2008, ஞாயிறு.

அன்புள்ள மைதிலிக் கண்ணுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல் என்று எழுதித்தான் பழக்கம். ஆனால் என் நலத்தைப் பற்றி நான் சொல்லும் எதையும் நீ இனி நம்பப் போவதில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போனில் அழுதுகொண்டே சொன்னாய், உங்களைப் பட்டினி போட்டுட்டு எனக்கு எதுக்குங்கப்பா இந்த உத்தியோகம், மாசக் கடைசில ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு குர்கானைக் காலி பண்ணிட்டு ஊட்டுக்கே வந்தர்றேன் என்று. நான் அதற்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சரி கண்ணு வெச்சுடு, பில் ஏறும் என்றுதான் சொன்னேன். அந்தப் பதிலை எழுதத்தான் இன்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் என் பக்கத்துக் குற்றத்தை முழுசாக ஒப்புக்கொண்டு விடுகிறேன், பிறகு அதற்கு வருகிறேன்.

நான் உன்னிடம் ஒன்பது மாதமாகப் பொய் சொன்னது வாஸ்தவம். தைப்பூசம் கழிந்த வாரம் உன் அம்மா போனாள். கருமாதி முடிந்து நீ ரயில் ஏறுகிற அன்று காலையில் எனக்காக டப்பா டப்பாவாகப் பெயர் எழுதி ஒட்டி வைத்துவிட்டுப் போனாய். துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு என்று மூன்று டப்பா. எனக்கு அப்போது மூன்றும் ஒன்றுதான். நீ போன மறுநாளே பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கிற சோணைமுத்து மெஸ்ஸுக்குப் போய்விட்டேன். அவர் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர், சமைப்பது அவர் சம்சாரம் சின்னத்தாய். காலையில் அங்கே இட்லி, மத்தியானம் பனியன் கம்பெனியில் இருந்து நடந்து வந்து சாப்பாடு, ராத்திரிக்குப் பார்சல். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணி என்னங்கப்பா சமைச்சீங்க என்று கேட்கும்போது அன்றைக்கு மெஸ் பலகையில் என்ன எழுதியிருந்ததோ அதை அப்படியே ஒப்பிப்பேன். தட்டைப்பயறு குழம்பு வைத்தேன், பீட்ரூட் பொரியல் பண்ணினேன் என்று கூச்சமே இல்லாமல் சொன்னேன். ஒரு வாரம் கொள்ளுப் பருப்பு என்றேன். நீ எத்தனை விசில் விட்டீங்க என்று கேட்டாய். பலகையில் விசில் கணக்கு எழுதியிருக்கவில்லை, அதனால் ரெண்டு என்று அடித்துவிட்டேன்.  ரெண்டு விசிலில் கொள்ளை இறக்கினால் குதிரைதான் சாப்பிடும் என்பது இப்போது எனக்கும் தெரியும்.

சோம்பல்தான் காரணம் என்று உன்னிடம் சொன்னேன், அது பாதிதான். சமையல்கட்டில் லைட் போட்டால் அங்கே அவள் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது, போடாமல் இருந்தால் தெரிவதில்லை. அதனால் நான் போடவில்லை. மெஸ்ஸில் நாலு பேர் நடுவில் சாப்பிட்டுவிட்டு வந்து டிவியைப் போட்டால் அப்படியே தூக்கம் வந்துவிடும். கம்பெனியில் டைம் கீப்பர் என்பதால் நாளெல்லாம் யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று பார்க்கிற வேலை, வீட்டுக்கு வந்தால் பார்க்க வேண்டிய ஆள் ஒருவரும் இல்லை.

அப்புறம் தீபாவளி வந்தது. அம்மா தவறிய வருஷம் என்பதால் நமக்குப் பண்டிகை இல்லை, உனக்கும் எக்ஸ்போர்ட் ஆபீஸில் சரக்கு அனுப்புகிற ஷிப்மெண்ட் நேரம் என்று லீவு தரவில்லை. தீபாவளிக்குத் திருப்பூர் எப்படி ஆகும் என்று உனக்குத் தெரியும். தெற்கத்திக்காரர்கள் போனஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால் ஊரே காலி, மிஷின் சத்தம் இல்லாமல் காது அடைத்துப் போகும். அவர்களோடு மெஸ்ஸும் போய்விடும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. பத்து நாளைக்கு என்னண்ணே செய்வீக என்று சோணைமுத்து கேட்டார். நான் வீறாப்பாக, எனக்கென்னங்க, ஊட்ல சமைச்சுக்குவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாள் அக்காவும் மகளைப் பார்க்க குண்டடம் போய்விட்டது. இரண்டு நாள் பேக்கரி பன்னும் வாழைப்பழமும் ஓடியது. மூன்றாம் நாள் பேக்கரியும் பூட்டு, வெளியே அடைமழை. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள், வீறாப்பும் அதில் ஒன்று. சமையல்கட்டு லைட்டைப் போட்டேன். அடுப்பைத் திருகினேன், பற்றிக்கொண்டது. அது தை மாதம் உன் அம்மா புக் பண்ணி வாங்கிய சிலிண்டர்.

என்ன சமைப்பது என்று யோசித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது கண்ணு. முப்பது வருஷம் நான் முன்ரூமில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உள்ளே அவள் அரிசிம்பருப்பு சாதம் செய்துகொண்டிருந்தாள். கையால் நான் ஒன்றும் கற்கவில்லை, ஆனால் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. முதலில் கடுகு படபடவென்று வெடிக்கும், பிறகு வெங்காயம் சொய்யென்று விழும், பூண்டைத் தட்டுகிற சத்தம் அதற்கு முன்னாலேயே கேட்டிருக்கும். தக்காளி போட்டதும் சத்தம் அடங்கும். தண்ணீர் ஊற்றினால் ஒரு சீறல், அப்புறம் மூடி போடுகிற சத்தம், மூன்று விசில். அந்த வரிசையிலேயே செய்தேன். வாசனையும் அவள் வாசனையாகவே வந்தது. ஆனால் அளவுக்குச் சத்தம் கிடையாதே, அங்கேதான் கோட்டை விட்டேன். இரண்டு டம்ளர் அரிசி போட்டுவிட்டேன், மிளகாய் பத்து. கம்பெனி பாஷையில் சொன்னால், முதல் சாம்பிள் ரிஜெக்ட். இருந்தாலும் மூன்று வேளை அதையேதான் சாப்பிட்டேன், கண்ணில் தண்ணீர் வழிய வழிய. எல்லாம் மிளகாயால் வந்த தண்ணீர் என்று சொல்ல மாட்டேன், இனி உன்னிடம் பொய் இல்லை.

இப்போது அளவு பிடிபட்டுவிட்டது, உனக்கும் எழுதுகிறேன், ஏனென்றால் நீயும் மூன்று ஞாயிறாக எனக்குச் சொன்னது ஒரே தக்காளி சாதம். நீ அங்கே பிரட்டும் நூடுல்ஸும் தின்றுகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா, நானே பொய் சொல்கிறவன், பாம்பின் கால் பாம்பறியும். ஒரு ஆளுக்கு அரை டம்ளர் அரிசி, அதில் மூன்றில் ஒரு பங்கு துவரம்பருப்பு, இரண்டையும் சேர்த்துக் கழுவி ஊற வைத்துவிட்டு முகம் கழுவி வா. அம்மா உனக்குக் கொடுத்தனுப்பிய சின்ன குக்கர் இருக்கிறதல்லவா, அதில் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், வரமிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு நாலு பல், ஒரு தக்காளி. அங்கே சின்ன வெங்காயம் கிடைக்காவிட்டால் பெரிய வெங்காயம் போதும், குடி முழுகாது. மஞ்சள்தூள், உப்பு, தண்ணீர் இரண்டு டம்ளர், மூன்று விசில். இறக்கி ஒரு ஸ்பூன் நெய், தொட்டுக்கொள்ள அப்பளம் அல்லது தயிர். ஒரு பாத்திரம், ஒரு தட்டு, கழுவுகிற வேலையும் அவ்வளவுதான். பாசுமதி வாங்காதே, காசும் அதிகம், பருப்போடு ஒட்டாது, சாதாரண அரிசி போதும். நான் ரேஷன் அரிசியில்தான் செய்கிறேன், நன்றாகவே குழைகிறது.

இங்கே நினைத்த நேரத்துக்குக் கரண்ட் போகிறது, மிக்ஸியை நம்பிச் சமைக்க முடியாது, அதனால் அரைக்காமல் செய்கிறதாகப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பச்சைப்புளி ரசத்தைக் கொதிக்க வைக்கவே வேண்டாம். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, சுட்ட மிளகாய் ஒன்று, நசுக்கிய வெங்காயம், சீரகம், கொத்தமல்லி, உப்பு எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கலக்கிவிட்டால் முடிந்தது. சூடான சாதத்தில் ஊற்றிச் சாப்பிட்டால் வேலை முடிந்து வந்த அலுப்புக்கு அது ஒன்றே போதும். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், குளிருக்குக் கொள்ளுதான் நல்லது. ஒரு கைப்பிடி கொள்ளை ராத்திரியே ஊறப் போட்டுவிடு, காலையில் எட்டு விசில், ரெண்டு அல்ல. வடித்த தண்ணீரில் ரசம் வைத்துக்கொள், கொள்ளைப் பூண்டு, மிளகாய், சீரகத்தோடு மசித்து வைத்துக்கொள், ஒரு தடவை வேகவைத்தால் இரண்டு வேளை ஓடிவிடும். தனியாகத்தானே இருக்கிறோம், யாருக்காகச் சமைப்பது என்று மட்டும் நினைக்காதே. நான் ஒன்பது மாதம் அப்படி நினைத்துப் பார்த்துவிட்டேன், அதனால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை, பேண்ட்தான் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது.

இப்போது கேஸ் விஷயம். ஆறு மாதத்துக்கு மேல் சிலிண்டர் எடுக்காவிட்டால் கனெக்‌ஷனை நிறுத்தி வைப்பார்களாம், அது உன் பெயரில், உன் நம்பரில் இருப்பதால் ஏஜென்சிப் பெண் உனக்குப் போன் போட்டிருக்கிறது. ஏனுங்க, உங்க ஊட்ல ஆரும் குடியில்லீங்களா என்று அது கேட்டதாக நீ சொன்னாய்.  வேடிக்கை என்னவென்றால், நீ என்னைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் இரண்டு வாரமாக நிஜமாகவே சமைத்துக்கொண்டிருந்தேன். அன்று அடுப்பில் அரிசிம்பருப்பு இருந்தது, விசில் சத்தம்கூட உனக்குக் கேட்டிருக்கும். ஆனால் புலி வருது கதை ஆகிவிட்டது, நீ நம்பவில்லை. தப்பு என்னுடையது. ஏஜென்சிக்குப் போய் உனக்குப் பதிலாக நானே கையெழுத்துப் போட்டுச் சரி பண்ணிவிட்டேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே.

இதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நீ வேலையை விட்டு வருகிறேன் என்று சொன்னதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. அன்றைக்குத்தான் பல மாதத்துக்கப்புறம் விடிகிறவரை தூங்கினேன். மறுநாள் போய் உனக்குப் புதுத் தலையணை வாங்கினேன், உன் ரூமை ஒட்டடை அடித்தேன். மெஸ் திறந்துவிட்டார்கள், அங்கே போய்ச் சின்னத்தாயிடம், இனி நான் வர மாட்டேனுங்க, அடுத்த மாசம் எங்க பொண்ணு வந்துருது என்று பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்து, என்னண்ணே, உங்களுக்குச் சோறு பொங்கவா அம்புட்டுத் தூரம் போன புள்ளயத் திரும்பக் கூப்புடுறீக, எம்மவ காலேஜுக்குப் போகணும்னுதானே நான் இங்கிட்டு வந்து ஊருக்கெல்லாம் பொங்கிப் போடுறேன் என்றது. நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வருகிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. வைத்த சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ குர்கான் போகிறேன் என்றபோது வீட்டில் நான் போட்ட சண்டை உனக்கு மறந்திருக்காது. சோறாக்கத் தெரியாத புள்ள அத்தன தூரத்துல தனியாப் போயி என்ன பண்ணும் என்று கத்தினேன். உன் அம்மா, உங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும், நீங்க உசுரோட இல்லீங்களா என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டு உன் பெட்டியில் அந்தக் குக்கரை வைத்தாள். நான் அன்று தோற்றுப் போனேன். இப்போது நீ திரும்பி வந்தால் நான் ஜெயித்த மாதிரி ஆகிவிடும், அதுவும் அவள் எதிர்த்துப் பேச இல்லாத நேரம் பார்த்து. அந்த ஜெயம் எனக்கு வேண்டாம். நீ வந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் மறுபடியும் முன்ரூமில் பேப்பரோடு உட்கார்ந்துவிடுவேன், நீ உள்ளே நிற்பாய். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும், எனக்கு அது போதும் என்று இருந்துவிடுவேன். உனக்கு அது போதாது.

வராதே என்று எழுதத்தான் காலையில் உட்கார்ந்தேன். அரிசி, பருப்பு, கொள்ளு, ரசம் என்று தாள் தாளாக எழுதிவிட்டேன், அதை மட்டும் எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன். வராதே கண்ணு. வேலையை விடாதே. தையில் அம்மாவுக்கு வருஷம் திரும்புகிறது, அதற்கு லீவு எடுத்துக்கொண்டு வந்து நாலு நாள் இரு, நான் சமைத்துப் போடுகிறேன். ஐந்தாம் நாள் நானே ஸ்டேஷனுக்கு வந்து ரயில் ஏற்றி விடுகிறேன்.

அம்மா உன் கூடவே இருப்பாள், முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. கொள்ளு ஒரு கிலோ கூரியரில் அனுப்பியிருக்கிறேன், வந்ததும் வெயிலில் ஒரு நாள் காயவைத்து டப்பாவில் போட்டுக்கொள். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் நீ போன் பண்ணுவாய். உன் குரலைக் கேட்டதும் எனக்கு மனசு மாறலாம், சரி வந்துடு கண்ணு என்று வாய் தவறிச் சொல்லிவிடலாம். அப்போது நான் என்ன சொன்னாலும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
மருதாசலம்.