ஷட்டருக்கு வெளியே நின்றவனுக்கு

என் பிரியமுள்ள லூர்து,

மறுபடியும் தோற்றுவிட்டோம். கடிதம் என்றால் நலம் விசாரித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நீ இருந்தால் முதலில் ஸ்கோரைத்தான் கேட்பாய். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் முதல் டெஸ்டில் உதை. இரண்டாவது டெஸ்டில் அதைவிட உதை. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்குள் ஊரில் பாதிப் பேர் கிரிக்கெட்டைத் தலைமுழுகிவிட்டார்கள்.

என்ன கோளாறு என்று கேட்கிறாயா? கோளாறு ஒன்றே ஒன்றுதான். நம் ஊரில் முழங்கால் உயரத்துக்கு வருகிற பந்து அங்கே மார்பு உயரத்துக்கு வருகிறது. நம் ஆட்கள் இங்கே ஆடிய மாதிரியே அங்கேயும் ஆடுகிறார்கள். கால் நகர்வதில்லை, மட்டை மட்டும் வெளியே போகிறது, ஓரத்தில் பட்டுப் பின்னால் கேட்ச். அடுத்தவன் வருகிறான். அவனும் அதே.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறவன் நான். ஒரே மெஷினிலிருந்து ஒரே மாதிரி ரிஜெக்ட் பத்து வந்தால் மெஷினை நிறுத்துவோம், செட்டிங்கைப் பார்ப்போம். பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பீஸைத் திட்ட மாட்டோம். இங்கே எல்லோரும் பீஸைத்தான் திட்டுகிறார்கள். கேப்டனைத் திட்டுகிறார்கள், கேப்டனின் பெண்டாட்டியைத் திட்டுகிறார்கள், செலக்டர்களைத் திட்டுகிறார்கள். செட்டிங்கைப் பற்றிப் பேசினால் சேகர் கையெடுத்துக் கும்பிடுகிறான். "மச்சான், டிப்ளமோ படிச்சவன் நீ ஒருத்தன்தான், ஒத்துக்கிறோம். வாய மூடு."

டெய்லர் பாபு அண்ணன் மட்டும் வழக்கம்போலத்தான். மூன்றாவது விக்கெட் விழுந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "இவனுங்களுக்கு பேண்ட் தைக்கிறது ரொம்ப ஈசிடா. காலு நவுந்தாதான தையல் வுடும்?"

உனக்குத் தெரிந்த கடைதான். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கரையான்சாவடி மெயின் ரோட்டில் பாபு அண்ணனின் தையல் கடை. வெளிநாட்டு டூர் என்றால் விடிகாலையிலேயே திறந்துவிடும். செகண்ட் ஷிப்ட் போகிறவர்கள் ஏழெட்டுப் பேர், வெட்டுகிற மேஜை மேலும் துணி மூட்டை மேலும் உட்கார்ந்துகொள்வோம். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். முழுசாய்த் தூக்கினால் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது எங்கே, பொங்கலுக்குக் கொடுத்தது எங்கே என்று ஜனம் உள்ளே வந்துவிடும்.

அந்த ஷட்டருக்கு வெளியே, கரண்ட் போஸ்ட் பக்கத்தில், நீ.

யார் ஆரம்பித்தது அது? என்றைக்கோ ஒரு நாள் நீ டீ வாங்கப் போனாய். நீ திரும்புகிற வரைக்கும் நம் ஆட்கள் இரண்டு பேர் அவுட்டாகாமல் நின்றார்கள். நீ உள்ளே வந்து டீயைக் கீழே வைத்ததும் ஒருவன் போல்டு. அவ்வளவுதான். அன்றிலிருந்து லூர்து வெளியே நின்றால் விக்கெட் விழாது என்று கடையில் சட்டமாகிவிட்டது. ஓப்பனர்கள் இறங்கினால் நீயும் எழுந்து போய்விடுவாய். மேட்ச்சுக்கு மேட்ச் வந்தும் மேட்ச்சையே பார்க்காமல் போனவன் நீ ஒருவன்தான். குனிந்து, உள்ளே இருக்கிறவர்களின் காலைப் பார்த்தே நாலா, விக்கெட்டா என்று சொல்லிவிடுவாய். "பாபு அண்ணன் கால் மெஷின் மிதிக்குது, டொக்கு வெக்கிறானுங்க" என்பாய். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

ஒன்று உனக்குச் சொல்லவில்லை. நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். விக்கெட் விழும்போதெல்லாம் நீ உள்ளேயா, வெளியேயா என்று. எனக்கு இந்த ராசி, சென்டிமென்ட் எதிலும் நம்பிக்கை கிடையாது என்று உனக்குத் தெரியும். நோட்டும் அதையே சொன்னது. நீ எங்கே நின்றாலும் அவன்கள் அவுட்டாவது அவன்கள் இஷ்டத்துக்குத்தான். ஆனால் நோட்டை யாரிடமும் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை? எல்லோரும் சிரிக்கிற ஒரு விஷயத்தை எதற்குக் கெடுப்பது என்று இருந்துவிட்டேன். நம்புகிறவன் உன்னை வெளியே அனுப்பியதை மன்னிக்கலாம். நம்பாத நானும் சேர்ந்து அனுப்பினேன்.

சரி, புதுச் செய்திக்கு வருகிறேன். இந்த டூரின் முதல் நாள் காலையில் ஷட்டருக்குக் கீழே இரண்டு கால் தெரிந்தது. வேட்டி. குனிந்து பார்த்தால் உன் நைனா.

"நானும் பாக்கலாமாடா?"

'வெயில்ல நின்னுகினு இன்னாடா வேல அது' என்று ஆயுசு முழுக்கக் கிரிக்கெட்டைத் திட்டின மனுஷன். நீ ரேடியோவைத் தலையணைக்கு அடியில் வைத்துக் கேட்டதற்கு ரேடியோவையே பிடுங்கிக் கிணற்றில் போட்டவர். பாபு அண்ணன் தன்னுடைய ஸ்டூலை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து தினம் வந்தார். மாதா கோயிலில் காலைப் பூசைக்குக்கூடப் போகாமல் வந்தார். வீட்டில் அம்மா கத்தினார்களாம்.

கேள்வி கேட்டே எங்களைக் கொன்றுவிட்டார். "அந்த வெள்ளத் தொப்பிக்காரன் எந்தக் கட்சி?" அம்பயர் நைனா, எந்தக் கட்சியும் கிடையாது. "அப்ப அவன் சொன்னா இவன் ஏன் கெளம்பிப் போறான்?" எல்.பி.டபிள்யூவை நான் மூன்று தடவை சொன்னேன், மேஜையில் சாக்பீஸில் வரைந்தே காட்டினேன். "கால்ல பட்டா வலிக்கும், அதுக்கு மருந்து போடாம வெளிய தொரத்துறானுங்களே" என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. உனக்குத்தான் தெரியுமே என் பொறுமை.

ஒரு நாள் தோற்றுவிட்டு எல்லோரும் பேசாமல் எழுந்தபோது அவர் கேட்டார். "இவனுங்க தோத்தா உங்களுக்கு இன்னாடா? ஏன் ஒருத்தனுக்கும் சோறு எறங்க மாட்டேங்குது?" சேகர் செருப்பைத் தேடிக் குனிந்தான். "என் பையனுக்கும் எறங்காது. அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இரண்டாவது டெஸ்ட், இரண்டாவது இன்னிங்ஸ். மூன்று விக்கெட் போய்விட்டது. எல்லாம் அதே அவுட். சேகர் சுவரில் ஒட்டியிருந்த டீம் போஸ்டரைக் கிழித்துக் கையில் சுருட்டி வைத்திருந்தான். நாலாவது விக்கெட்டும் விழுந்தது. அவன் திரும்பி நைனாவைப் பார்த்தான்.

"நைனா, தப்பா நெனச்சிக்காத. கொஞ்ச நேரம் அந்த போஸ்ட்டாண்ட நின்னுக்கிறியா? லூர்து நின்ன எடம். அவன் நின்னா வுழாது. நீ அவன் அப்பா, உனக்கும் அந்த ராசி வரும்."

"டேய், வயசானவருடா" என்றார் பாபு அண்ணன்.

"அஞ்சே ஓவர், அண்ணாத்தே."

மற்றவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நைனா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். "என் பையன் நின்ன எடமா? நிக்கிறேன்டா. இத்த மின்னாடியே சொல்லக் கூடாதா?" குனிந்து ஷட்டருக்குக் கீழே தலையை விட்டார். வெளியே மார்கழிப் பனி. பூந்தமல்லி பஸ் லைட்டைப் போட்டுக்கொண்டு போனது.

அவர் முதுகைத்தான் பார்த்தேன். குனிந்தால் உன் முதுகும் அப்படியேதான் இருக்கும்.

"நைனா, உள்ள வா."

"மச்சான், டெக்னிக்கலா எதுவும் பேசாத. டைம் இல்ல" என்றான் சேகர். நான் அவனிடம் பேசவில்லை. போய் நைனாவின் கையைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே சொன்னேன். இத்தனை மாதமாக உன் வீட்டு வாசல் வரை போய்ச் சொல்லாமல் திரும்பிய விஷயத்தை, ஏழு பேர் முன்னால் சொன்னேன்.

"போன டூர்ல, கடைசி மேட்ச். அவன் இங்கதான் நின்னுகினு இருந்தான். குனிஞ்சி என்னக் கூப்ட்டான். உடம்பு ஒரு மாதிரியா கீதுடா, உள்ள வந்து குந்திக்கட்டான்னு கேட்டான். நான்தான் ஓவர் முடியட்டும்னு சொன்னேன்."

நைனா குனிந்தபடியே என் பக்கம் திரும்பினார்.

"அப்பால?"

"ஓவர் முடிஞ்சிது. விக்கெட் வுழல. அடுத்த ஓவரும் வுழல. யாரும் அவனக் கூப்புடல. நானும் கூப்புடல. அப்பறம் பாத்தா ஆள் இல்ல, ஊட்டுக்குப் போய்ட்டான்."

லூர்து, பனியில் நின்றால் மஞ்சள் காமாலை வராது. அது எனக்குத் தெரியும், யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். ஆனால் உள்ளே டியூப் லைட் இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்திருந்தால் உன் கண்ணைப் பார்த்திருப்பேன். ஒரு நூல் அளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடிக்கிறவன் என்று கம்பெனியில் எனக்குப் பெயர். அந்தக் கண்ணை உன் அம்மா பார்த்தது அதற்கு நாலு நாள் கழித்து. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று நீ கண்ணை மூடிய அன்றைக்கு ஆரம்பித்த டாக்டர், நம் முகங்களைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த மீதி வாக்கியம் என்ன? நாலு நாள் போதுமானதா, போதாததா? எனக்கு இன்றுவரை தெரியாது.

நைனா துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு கேட்டார்.

"அந்த ஓவர்ல இன்னாடா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல நைனா. ஆறு பால். ஒரு ரன்னுகூட இல்ல."

"ஒண்ணுமே ஆவலியா?"

"இல்ல."

"இதுக்காடா?" என்றார்.

திட்டவில்லை, அழவில்லை. என் கையை எடுத்துவிட்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் ஷட்டரை இரண்டு கையாலும் முழுசாய் மேலே தள்ளினேன். வெளிச்சம் விழுந்து டிவி சரியாய்த் தெரியவில்லை. பத்து நிமிஷத்தில் ஒரு அம்மா பொங்கல் ரவிக்கை கேட்டு வந்தாள், பின்னாலேயே இரண்டு பேர். பாபு அண்ணன் எல்லோருக்கும் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தத்தில் மீதி ஆறு விக்கெட்டும் விழுந்தது. எல்லோரும் உள்ளேதான் இருந்தோம். சேகர் போஸ்டரைப் பிரித்து மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தான்.

மேட்ச் முடிந்ததும் பாபு அண்ணன் டிவியின் ப்ளக்கைப் பிடுங்கினார். "போதும்டா. இத்தக் கேட்டப்பறம் எனக்கு இனிமே மேட்ச் பாக்க மனசு வராது. அடுத்த டெஸ்ட்டுக்கு கடய தொறக்க மாட்டேன்."

"சாவியைக் குடுண்ணே, நான் தொறக்கிறேன்" என்றேன்.

"எதுக்குடா? செத்த பாம்ப அடிக்கிற மாதிரி அடிக்கப் போறான் அவன். எதுக்கு அத்த உக்காந்து பாக்கணும்?"

"நைனாவுக்கு இன்னும் எல்.பி.டபிள்யூ புரியலண்ணே."

என்னையே பார்த்தார். சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஆனால் மறுநாள் நைனாவைக் காணவில்லை. அதற்கு மறுநாளும் தெருப் பக்கம் இல்லை. நான் சுற்றி வளைக்கிறவன் இல்லை, நேராக உன் வீட்டுக்குப் போனேன். அம்மா உள்ளே போய்விட்டார்கள். அவர் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உன் சைக்கிள்தான். நான் நின்றேன். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"உம்மேல கோவம் கீதுடா" என்றார் கடைசியில். "போவாதுபோல கீது."

"இருக்கட்டும் நைனா."

பெடலைச் சுற்றினார். செயின் ஓடி நின்றது.

"அடுத்த மேட்ச் எப்போ?"

"வெள்ளிக்கெழம."

"ஜெயிப்பானுங்களா?"

"மாட்டானுங்க."

"எத்தினி மணிக்கு?"

"அஞ்சுக்கு."

"நாலரைக்கு வந்து கதவத் தட்டு. தூங்கிட்டாலும் தட்டு."

தட்டுவேன் லூர்து. உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்த டெஸ்ட் மட்டுமில்லை, இனி எந்த டூர் என்றாலும் விடிகாலையில் உன் வாசலில் நின்று தட்டுவேன். அவர் கோபமாகவே வரட்டும், என்னோடு பேசாமலே வந்து உட்காரட்டும். நம் ஆட்கள் கால் நகராமல் ஐந்து நாள் ஆட்டத்தை மூன்றே நாளில் தோற்கட்டும். கடைசி விக்கெட் விழுகிற வரை கடையில் எல்லோரும் உள்ளேயே இருப்போம். ராசி என்று எவனாவது வாயைத் திறந்தால் என் நோட்டை அவன் முகத்துக்கு முன்னால் விரிப்பேன். உடம்பு சரியில்லை என்று யார் சொன்னாலும், பந்து காற்றில் இருந்தாலும் எழுந்து போய் அவன் கண்ணைப் பார்ப்பேன்.

உன் நைனா கோபித்துக்கொள்ள இன்னும் மிச்சமிருக்கிற பிள்ளை,
உன் மச்சான்
முரளி