சத்தமாகப் படித்த வகுப்பு

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன். அதில் பாதி உண்மை. அம்மா சுகமாக இருக்கிறாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் எழுதி எழுதி அழித்தேன். நான் இங்கே தடவிக்கொண்டிருப்பதை 'எழுதுகிறார்' என்று அங்கே உனக்குக் காட்டிக்கொடுக்கிற சாமான் அது. பேசலாம் என்றால் என் குரல்மேல் எனக்கு நம்பிக்கையில்லை. அதனால் பேப்பர். என் கையெழுத்தின் லட்சணம் உனக்குத் தெரியும். புரியாத இடமெல்லாம் கோபம் என்று வைத்துக்கொள்.

மாலை வகுப்பு நன்றாக நடக்கிறது. பன்னிரண்டாவதைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவன், போனைக் கண்டால் பயப்படுகிறவர்களுக்குப் போன் சொல்லிக்கொடுக்கிறேன். சார் என்று கூப்பிடுகிறார்கள், நானும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்க்கிறேன். தையல்காரம்மா, ரிட்டயர் ஆன பஸ் டிரைவர், மருந்துக்கடைக்காரர், அவர் மனைவி, இன்னும் சிலர். எல்லோரும் வெளியே கெட்டிக்காரர்கள். போனைக் கையில் கொடுத்தால் மட்டும் சுடுகிற பாத்திரத்தைப் பிடித்த மாதிரி பிடிப்பார்கள்.

வகுப்பு நடக்கிற மையத்தின் புது நிர்வாகியம்மா சுவர் அளவுக்கு ஒரு திரை மாட்டிக்கொடுத்திருக்கிறார். என் போனில் தெரிவது அதில் தெரியும். பாடம் முடிந்ததும் ஆளுக்கொரு முகத்தை அழுத்த வேண்டும்: சிரித்த முகம் என்றால் புரிந்தது, அழுத முகம் என்றால் புரியவில்லை. முதல் வாரம் எல்லாமே சிரித்த முகம். எனக்குத் தலைகால் புரியவில்லை, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். மறுவாரம் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஏன் அழுத்தினீர்கள் என்றதற்கு மருந்துக்கடைக்காரர், "நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு சொல்றீங்க சார், மனசு கேக்கல" என்றார்.

அதற்குப் பிறகு அந்த முகங்களை நான் நம்புவதில்லை. வகுப்பில் மட்டும். வீட்டில் நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. திரையில் எது வந்தாலும் எல்லோரும் சேர்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும், அப்புறம்தான் விரல் வைக்க வேண்டும். டிரைவர் ஒருமுறை எதையோ படிக்காமல் 'சரி' கொடுத்து, பேரப்பிள்ளைகளின் படங்கள் அத்தனையும் போய்விட்டன. அன்றிலிருந்து இந்தச் சட்டம். பார்க்க ஒன்றாம் வகுப்பு மாதிரி இருக்கும். ஆனால் பயம் போகிறது.

போன புதன்கிழமை என் போனில் சார்ஜ் ஏறவில்லை. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே நின்று, உன் போனை எடுத்துப் போகிறேன் என்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் என்ன கேட்டதோ, உம் என்றாள். வகுப்பில் அதைத் திரையோடு இணைத்து, "இது என் வீட்டம்மா போன், மரியாதையா பாக்கணும்" என்று ஒரு ஜோக்கும் அடித்தேன். படம் அனுப்புவது எப்படி என்று பாடம். பாதியில் திரையின் உச்சியில் ஒரு செய்தி இறங்கியது. குரூப் பெயர் 'அப்பா இல்லாம'. அனுப்பியது சின்னவன்.

வகுப்பு, நான் பழக்கிய மாதிரியே, நிறுத்தித் தெளிவாகச் சேர்ந்து படித்தது.

"அக்கா, டைவர்ஸ் பேப்பர்ல அத்தான் கையெழுத்துப் போட்டாச்சா? அப்பாவுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது, நீ கவலப்படாத."

தையல்காரம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அன்றைக்கு ஒரு எழுத்து விடவில்லை. படித்து முடித்த பிறகுதான் யாருடைய போன் என்பது ஒவ்வொருவராக உறைத்தது. டிரைவர்தான் தொண்டையைச் செருமிவிட்டு, "விளம்பரம் சார். இப்படித்தான் கண்டதும் வருது. தள்ளி விடுங்க" என்றார். தள்ளிவிட்டேன். மீதிப் பாடத்தையும் நடத்தினேன். கடைசியில் எல்லோரும் அழுத முகத்தை அழுத்தியிருந்தார்கள். பாடம் புரியாததால் இல்லை.

வீட்டில் அம்மா போனைத் தேடி அலமாரியையெல்லாம் கலைத்துப் போட்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். மழைக்காலத்திலேயே நீ வீட்டை விட்டுத் தனி அறைக்கு மாறிவிட்டாயாம். அதற்குமேல் அவள் சொல்லவில்லை. "மீதிய அவகிட்ட கேளுங்க, நான் சத்தியம் பண்ணிருக்கேன்" என்றாள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்றேன். "உங்ககிட்ட சொன்னா மறுநாள் கிளாஸ்ல உதாரணமா வந்துடும்னு அவதான் பயந்தா" என்றாள்.

எனக்கு வாய் அதிகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. நீ பாஸ்வேர்டை மறந்து தவித்த கதையைச் சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்தவன்தான். ஆனால் மகளே, எதைச் சொல்லிச் சிரிப்பது, எதை விழுங்குவது என்றுகூடத் தெரியாத ஆளாகவா உங்கள் மூன்று பேருக்கும் நான் தெரிந்தேன்? அந்தக் குரூப்புக்குப் பெயர் வைத்தது யார்? வைக்கும்போது யாருக்காவது கை கொஞ்சம் தயங்கியதா? எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. வேண்டாம், சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால்தான் தாங்கவில்லை. வீடியோவில் உனக்குப் பின்னால் உங்கள் பழைய வீட்டின் அதே நீலத் திரைச்சீலை, அதே சோபா. இருக்கிற அறையை மறைத்துப் பின்னால் ஒரு படத்தை வைத்துக்கொண்டு பேசுவது எப்படி என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நீ தலையைத் திருப்பும்போதெல்லாம் காது பாதி காணாமல் போகும். சொல்லிக்கொடுத்த வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊர் இன்டர்நெட் மட்டம் என்று திட்டினேன். நீயும் ஆமாம் அப்பா என்றாய். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் டியூட்டி. வாரா வாரம் டியூட்டி. மனுஷன் உழைத்தே தேய்ந்துவிடப்போகிறான் என்று நான் வேறு பரிதாபப்பட்டேன். நீ எனக்கு வாரா வாரம் சிரித்த முகத்தை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாய், நானும் எல்லாம் புரிந்தது என்று எழுந்து போயிருக்கிறேன்.

பிரிந்ததற்கு எனக்குக் கோபமில்லை. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும், இப்போதுதான் வருகிறது. வாழ முடியாத இடத்திலிருந்து எழுந்து வருவதற்கு அப்பனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புது அறைக்கு நீ ஏறிய அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஏதாவது ஜோக்கை உனக்கு அனுப்பியிருப்பேன். நீ அதற்கும் சிரிப்புப் போட்டிருப்பாய். அதுதான் ஆறவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அம்மாவுக்கும் தெரியாது. மாப்பிள்ளையும் நானும் போனில் செஸ் ஆடிக்கொண்டிருக்கிறோம். உன் கல்யாணத்திலிருந்தே. அவர் ஒரு நகர்த்தல், மறுநாள் நான் ஒரு நகர்த்தல். பிரிந்ததைப் பற்றி அவரும் இத்தனை நாள் மூச்சு விடவில்லை. "மாமா, ராணி பத்திரம்" என்று எச்சரிக்கைகூடக் கொடுப்பார். நேற்று என் குதிரையை வெட்டிவிட்டு, "சாரி மாமா" என்று எழுதியிருக்கிறார். எதற்குச் சாரி என்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். குதிரைக்கா?

அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை அழவைத்தாரா, கைநீட்டினாரா, இல்லை இரண்டு பேருக்கும் ஒத்துவராமல் போய்விட்டதா, எதுவுமே தெரியவில்லை. உன் கஷ்டத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வகுப்பு படித்துக்காட்டிய இரண்டு வரிதான். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதனோடு நான் ஆடுவதா, ஆட்டத்தைக் கலைப்பதா?

இப்போது என் முறை. நகர்த்தாமல் வைத்திருக்கிறேன்.

உனக்குச் சொல்ல மனமில்லாததைச் சொல்ல வேண்டாம். காரணம் கேட்க மாட்டேன், சாட்சி கேட்க மாட்டேன். ஆடுங்கள் அப்பா என்றால் ஆடுகிறேன். வேண்டாம் என்றால் அந்த நிமிஷமே அவர் எண்ணை அழித்துவிடுகிறேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை உன்னிடமிருந்து வர வேண்டும். அம்மா வழியாக வேண்டாம், சின்னவன் வழியாக வேண்டாம். நேராக என் எண்ணுக்கு வரட்டும்.

புது அறையில் கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருப்பாய், இருக்க வேண்டும்.

பதிலுக்காகப் போனைக் கீழே வைக்காமல் இருக்கும்,
உன் அப்பா