மேசையிலிருந்து வேதாகமத்தை எடுக்க நான் இணங்கவில்லை

றஜினியின் அப்பாவுக்கு, என்றும் என் அன்புக்குரியவருக்கு,

குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையின் கூட்டத்து மேசையிலிருந்து வேதாகமத்தை எடுக்க நானும் இணங்கிவிட்டேன் என்று இந்த ஜேர்மனியில், பீலெஃபெல்டில் நம் சனங்கள் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். உங்களுக்கு எழுதும் இதைப் பத்திரிகையிலும் போடச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் வாசிக்கட்டும்.

நீங்கள் கண்மூடிய பிறகும் ஞாயிறு தவறாமல் அங்கே போகிறேன். பாதிரியார் இல்லை, பாட்டில்லை; வட்டமாக இருந்து மௌனமாகக் காத்திருப்பதுதான் வழிபாடு. கத்தோலிக்கப் பெண்ணான எனக்கு அதைப் பழக்கியவர் நீங்கள். நடுவில் வேதாகமம் இருக்கும். எனக்கு அது போதும்.

இப்போது சிலர், நம் மகள் றஜினியும் சேர்ந்து, அதை எடுத்துவிட்டு, முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இந்த வழியைத் தொடங்கியவர்களின் எழுத்துகளை மட்டும் வைக்க வேண்டும் என்கிறார்கள்.

"வேதத்தை எழுதினவைக்குள்ளை பேசின அதே ஆவிதானே அம்மா இவைக்குள்ளையும் பேசினது?"

"ஓம். அதே ஆவிதான் எண்டு எதை வைச்சுச் சோதிச்சுப் பாத்தனி?"

"நீங்கள் இன்னும் சிஸ்டர்மாற்றை வகுப்பிலைதான் இருக்கிறியள்" என்று சிரித்தாள்.

அந்த எழுத்துகளை நானும் வாசித்தேன். வரிக்கு வரி வேதம்தான். அதை எடுத்துவிட்டால் அவர்கள் சொல்வது யாருக்கு விளங்கும்?

சபைக் காரியங்களை முடிவு செய்யும் அலுவல் கூட்டத்தில் வாக்கெடுப்பு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவர் மறுத்தாலும் முடிவு எடுக்க முடியாது. போன கூட்டத்தில் என்னையும் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்காமல் வாய் திறக்கக் கூடாதென்று கன்னியர்மடத்தில் வளர்க்கப்பட்டவள் அல்லவா? ஒருவரும் கேட்கவில்லை. குறிப்பு எழுதுகிறவள் நம் மகள். எல்லோரும் ஒருமனப்பட்டதாக எழுதி வாசித்தாள். அப்போதும் கைகளை மடியில் வைத்தபடி இருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில், எனக்கு இதில் சம்மதமில்லை என்று அவளிடம் சொன்னேன்.

"இப்ப மறிச்சியளெண்டால் கூட்டம் ரெண்டாப் போகும், அம்மா. அவை வேறை இடத்திலை கூடுவினம். நானும் அவையோடைதான்."

ஒரே வீட்டிலிருந்து ஆளுக்கொரு கூட்டத்துக்குப் போவோமா? வாய் திறந்தால் மகளை இழப்பேனா? திறக்காவிட்டால், உண்மையில்லாத அந்தக் குறிப்புக்குள் இருந்து எப்படிச் செபிப்பேன்? நீங்கள் இருந்திருந்தால் அவள் பக்கம் நின்றிருப்பீர்களோ என்றும் பயமாக இருக்கிறது.

ஆனாலும் அடுத்த அலுவல் கூட்டத்தில், ஒருவரும் கேட்காமலே எழுந்து சொல்வேன். உங்களுக்கு வாக்குத் தருகிறேன்.

றஜினி, நீயும் இதை வாசிப்பாய். நான் சொல்லி முடித்து அமரும்போது என் பக்கத்துக் கதிரையில் இருப்பாயா? வாயால் சொல்ல வேண்டாம். குறிப்பு எழுதுகிறவள் நீ; எனக்கும் எழுதித் தா.

உங்கள் மனைவி,
றஜினியின் அம்மா