வேலிக்குள் ஓடும் தறி

12 மார்ச் 1957, செவ்வாய்
காலையிலேயே வெயில். கல்முனை வாடிவீட்டில் தங்கல். தேநீரில் சீனி அதிகம். மருதமுனை நெசவு நிலையத்தில் கணக்காய்வு தொடக்கம். நூல் இருப்பு சரி. அரசாங்கத் தறிகளில் ஒன்று இல்லை.

பொறுப்பாளர் காசிம் மறைக்கவில்லை. "றகுமத்தும்மாட வீட்ட குடுத்திருக்கன் ஐயா. புருஷன் கடல்ல மூழ்கி மௌத்தாப் போனாரு. இத்தாவில இருக்கா. நாலு மாசம் பத்து நாள் வெளி ஆம்புளையள்ட கண்ணில படப்படா. ரெண்டு புள்ளையள். என்னத்தத் திங்கிற?"

எழுத்தில் அனுமதி எடுக்கவில்லை. தறி காணோம் என்று நான் எழுதினால் அவர் வேலை போகும்.

13, புதன்
காசிமுடன் அந்த வீட்டுக்கு. ஓலை வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே தறிச் சத்தம். தறியில் அடித்த இலக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றேன்.

உள்ளிருந்து பெண் குரல், காசிமை அண்ணன் முறை சொல்லி: "சாறன் நெசவு பாதியில நிக்கிது காக்கா. ஐயா பாக்கணுமெண்டா பாவு நூலை அறுத்துப்போட்டு, இலக்கம் அடிச்ச கட்டையைக் கழட்டி வெளிய தாறன்."

பயந்த குரல். வேண்டாம் என்றேன். பாவு அறுந்தால் அவ்வளவு நெசவும் வீண்.

மட்டக்களப்பு அலுவலகத்தில் என் மேலதிகாரி, பெரியவருக்குக் கடிதம்: சத்தம் கேட்டேன், பார்க்கவில்லை.

15, வெள்ளி
ஜும்ஆ. கடைகள் பூட்டு. சவர்க்காரம் வாங்க வேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து பெரியவரின் பதில். கேட்டது போதாது, கண்ணால் பார்த்தவரின் கையெழுத்து வேண்டுமாம்.

பார்த்தவர் நானாக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. இரண்டு தரம் வாசித்தேன். மனைவி கமலத்துக்குத் தந்தி.

17, ஞாயிறு
கமலம் முதல் பஸ்ஸில் வந்தாள். பஸ் ஆட்டத்தில் தலைவலி. உள்ளே போனவள் நெடுநேரம் வரவில்லை. வேலியோரம் நானும் காசிமும். அவர் உதடு ஏதோ ஓதியபடி.

வந்தாள். "நம்பர் சரி. சின்னப் புள்ள தறிக்குப் பக்கத்தில படுத்திருக்கு. பொறகு, தறியைத் தூக்கிட்டுப் போயிருவாங்களோ எண்டு அவ கேட்டா. மாட்டாங்க எண்டு சொல்லிட்டன்."

"ஆரைக் கேட்டுச் சொன்ன நீ?"

"ஆரையும் கேக்கல்ல. நீங்க எழுதுங்க."

கையெழுத்து வைத்தாள். அதன் கீழ் எழுதினேன்: தறி உண்டு. ஓடுகிறது. இத்தா முடியும்வரை அங்கேயே இருக்க அனுமதிக்கலாம். எழுதிய பிறகு கொஞ்சம் பயம்.

21, வியாழன்
பெரியவரின் பதில், ஒரே வரி. அனுமதி உண்டு. காசிமுக்கு எச்சரிக்கை மட்டும்.

காசிம் வேலியோரம் நின்று சத்தமாய்ச் சொன்னார். உள்ளே தறிச் சத்தம் நின்றது. பிறகு: "ஓம் காக்கா. அந்த அக்காவுக்கும் சொல்லிரச் சொல்லுங்க."

கமலத்திடம் சொல்ல வேண்டும். பின்னேரப் பஸ்ஸில் வீட்டுக்கு.