பெடலை மிதிக்கிற ஆள்

ஏம்மா,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். ரெண்டு பேருக்குத்தான் இருக்கு. உனக்கும் எனக்கும்.

உன்கூட ஒர்க்‌ஷாப்ல வேலை பார்த்தவர் பத்து மணிக்கு வர்றாராமே. நம்ம கார் பிரேக்ல பிஸ்டன் இறுகிப்போய் வெளியே வரமாட்டேங்குதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, அவருக்கு மட்டும் போன் போயிருக்கு. வரட்டும். டீ குடுத்து அனுப்பு.

எனக்கு வயித்தெரிச்சல்னு நினைக்காதே. இருந்தாலும் தப்பில்ல. நீ சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்து பிஸ்டன் இருக்கிற அந்த காலிப்பரைப் பிடிச்சுக்குவே, இன்னொரு ஆள் சீட்ல உட்கார்ந்து பெடலை மிதிக்கணும். அப்பத்தான் ஆயில் தள்ளி பிஸ்டன் நகரும். நமக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமா அந்த இன்னொரு ஆள் நான்தானே?

போன தடவை நீ "மெது..."ன்னு ஆரம்பிச்சதும் "மிதி"ன்னு நினைச்சு ஒரே மிதி மிதிச்சேன். பிஸ்டன் தெறிச்சு, பிரேக் ஆயில் உன் மூஞ்சியெல்லாம். தப்புதான். அதுக்காக ஆளையே மாத்திடுவியா?

மூணு மணிக்கெல்லாம் வந்துடுவேன். இந்தத் தடவை நீ முழுசா சொல்லி முடிக்கிற வரைக்கும் பெடல்ல காலை வைக்க மாட்டேன்.

பி.கு: கார் பூட்டியிருக்கு. சாவியைத் தேடாதே. தெரியாம எடுத்துட்டுப் போறேன்.